கலையாத நிறம்

குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகம். சன்னல் வழியே வரும் காலை வெயிலில் மடிக்கணினித் திரை வெளிறிப் போகிறது. சத்யப்பிரியா தன் துப்பட்டாவை விரித்து வெயிலை மறைக்கிறாள். திரைக்கு முன்னால் அவள் தோழி ஆரோக்கிய ஜெனிபர் உட்கார்ந்திருக்கிறாள். போன மாதம் சோதனைக்குழாய் வெடித்து அவள் மணிக்கட்டில் அமிலம் தெறித்தது. அதற்குப் பிறகு இன்றுதான் இந்த அறைக்குள் வருகிறாள். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது. திரையில் ஓடும் பயிற்சியில் காரம் நிரம்பிய பியூரெட் என்ற அளவுக்குழாயும், அதன் கீழே நிறங்காட்டி கலந்த அமிலக் குடுவையும் தெரிகின்றன; காரம் சொட்டுச் சொட்டாக இறங்கி, வெளிர் இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும். அவள் மவுஸை அழுத்தியதும் காரம் மளமளவென்று இறங்கி, குடுவை முழுக்க அடர்சிவப்பாகிறது. ஜெனிபர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள்.

"ஒன்னும் ஆவாதுடி, கம்ப்யூட்டர்தான. மறுபடி மொதல்லேருந்து வுடு," என்கிறாள் சத்யப்பிரியா.

மறுபடியும் சிவக்கிறது. அடுத்த முறை சிவப்பு சற்றுக் குறைகிறது. அவள் விரல் மெல்ல மெல்ல நிதானத்துக்கு வருகிறது. கடைசியில் ஒரே ஒரு சொட்டு விழ, நிறமில்லாத நீரில் மெல்லிய இளஞ்சிவப்பு பரவி, கலையாமல் நிற்கிறது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு ஜெனிபர் எழுந்து, மேசையில் நிற்கும் நிஜ பியூரெட்டின் பக்கம் போகிறாள்.

"நான் புடிச்சிக்கட்டுமா?" என்று கேட்கிறாள் சத்யப்பிரியா.

"வேணாம். பக்கத்துல மட்டும் நில்லு. நானே தொறக்குறேன்."

ஜெனிபர் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழாயின் திருகை மெதுவாகத் திருப்புகிறாள்.