தும்மல் நின்ற ஞாயிறு

அம்மாவுக்கு வீட்டுக்குள் இருந்தால் ஓயாத தும்மல். வெளியே போனால் ஒன்றுமில்லை.

"எல்லாம் இந்தப் பழைய ஏசியாலதாம்மா. இதைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டினாத்தான் வீட்டுக் காத்து சுத்தமாகும்" என்று ஒற்றைக்காலில் நின்ற மகன், ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக்கை வரவழைத்துவிட்டான். வந்தது ஓர் இளம்பெண்.

ஏணியில் ஏறி, பழைய ஏசியின் ஃபில்டரை உருவிக் காட்டினாள். அதில் கம்பளிபோல் தூசி படிந்திருந்தது.

"இதைத்தாம்மா இத்தனை நாளா சுவாசிச்சுட்டிருந்தீங்க."

"ஐயய்யோ! சரி, முதல்ல இறங்கி வந்து ஒரு வாய் டீ குடி கண்ணு. டேய், மரம் மாதிரி நிக்காம ஏணியைப் பிடிடா!"

மதியத்துக்குள் புது ஏசி ஓடியது. அம்மா மூச்சை ஆழமாக இழுத்தாள். தும்மல் வரவேயில்லை! அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலையில் கெட்டி, பேச்சில் கனிவு. இப்படி ஒருத்தி மருமகளாக வந்தால் எப்படி இருக்கும்! தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டாள்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"இன்னும் இல்லம்மா. ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கார். அவங்கம்மாகிட்ட ஒருநாள் பழகிப் பார்த்துட்டுத்தான் பதில் சொல்வேன்னுட்டேன்."

அம்மாவின் முகம் சுருங்கிப் போனது.

"அப்படியா... எப்போ பார்க்கப் போறே?"

அவள் ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போட்டுவிட்டு, அந்தக் குளிரிலும் வியர்த்து வழிந்து நின்ற மகனைப் பார்த்துச் சிரித்தாள்.

"பார்த்தாச்சு அத்தை. எனக்குச் சம்மதம்!"