உரிமையாளரின் ஆயுள் வரை

"ஒரு தடவை இருமுங்க. கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்."

குடைக்காரர் இருமினார்.

"இது தொண்டையிலருந்து வருது. நெஞ்சிலருந்து இருமுங்க."

கேட்டவர் ஒரு பெண்கள் விடுதியின் வார்டன். விடுதியில் இருக்கும் அத்தனை பெண்களுக்கும் குடை வாங்க வந்திருந்தார். இந்த வியாபாரம் படிந்தால் கடை பிழைத்துக்கொள்ளும். படியாவிட்டால் இந்த மாதத்தோடு இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அதனால் குடைக்காரர் நெஞ்சிலிருந்து, அடிவயிற்றிலிருந்து, கேட்ட இடத்திலிருந்தெல்லாம் இருமிக் காட்டினார்.

எல்லாம் மூலையில் உட்கார்ந்திருந்த வக்கீல் செய்த வேலை. வக்கீல் வேறு யாருமில்லை, குடைக்காரருடைய மனைவியின் தம்பி. முன்பெல்லாம் கடைச் சுவரில் மாட்டியிருந்த பலகையில் 'ஆயுள் உத்தரவாதம்' என்று மொட்டையாக எழுதியிருந்தது. கம்பி ஒடிந்த குடையோடு வந்த ஒருவர், "யாரோட ஆயுள்?" என்று கேட்டு, கோர்ட்டில் பார்த்துக்கொள்வதாக மிரட்டிவிட்டுப் போனார். அன்றைக்கே வக்கீல் ஓடி வந்தார்.

"என்ன மாமா இது, நீங்களே வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டீங்க. குடையோட ஆயுளா? உடைஞ்ச அன்னிக்கே அதோட ஆயுள் முடிஞ்சுபோச்சு, அப்புறம் என்ன உத்தரவாதம்னு ஜட்ஜ் சிரிப்பார். வாங்கினவங்க ஆயுளா? சில பேர் சாகவே மாட்டாங்க. எல்லை போடாம வாக்கு கொடுத்துத்தான் சின்ன வியாபாரி எல்லாம் கோர்ட்டு வாசல்ல நிக்கிறான்."

"அப்போ எடுத்துடலாமா மாப்ளே?"

"எடுத்துட்டா எவன் வாங்குவான்? 'உரிமையாளரின் ஆயுள் வரை'ன்னு போடுங்க."

"என் ஆயுள் வரைன்னே போட்டுடலாமே, எல்லாருக்கும் புரியும்."

"'உரிமையாளர்'னே இருக்கட்டும் மாமா. சட்டத்துல சொல்லுதான் முக்கியம்."

பலகை மாறியது. கையோடு, 'நனையவே மாட்டீர்கள்' என்ற வரியையும் வக்கீல் 'ஓரளவு நனையலாம்' என்று திருத்தினார்.

வந்தது வினை. குடையை விரித்துப் பார்த்தவர்கள் போய், குடைக்காரரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் வந்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் தெருவில் பார்த்தால், "வெயில்ல ஏண்ணே அலையறீங்க, எங்களை நினைச்சுப் பார்க்க வேண்டாமா?" என்று கடிந்துகொண்டார்கள். சாலையைக் கடக்க நின்றால் இரண்டு பக்கமும் ஆள் கைபிடித்தது. ஒருநாள் அவர் தும்மிவிட்டதை எதிர்க்கடை டெய்லர் தெருவெல்லாம் சொல்ல, அந்த வாரம் முழுக்கக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று.

"பரண்ல ஏறி ஒரு குடை எடுங்க" என்றார் வார்டன்.

ஏணி வைத்து ஏறினார். எடுத்தார். இறங்கினார்.

"மூச்சு வாங்குதே?"

"வாங்கினதை உடனே விட்டுட்டேம்மா."

"சரி, உட்காருங்க. ஸ்டூல்ல எதுக்கு? அங்க அவ்வளவு நல்ல நாற்காலி கிடக்கே."

கல்லாவுக்குப் பின்னால் பூ வேலை செய்த மெத்தை உறையோடு ஒரு நாற்காலி இருந்தது. அதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"அதுல நான் உட்கார்றதில்லம்மா" என்று குடைக்காரர் ஸ்டூலையே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வார்டன் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "அப்பா, அம்மா எல்லாம்?"

"ரெண்டு பேரும் நல்லா இருந்து, வயசாகித்தான் போனாங்க."

"எதுல போனாங்க?"

"அப்பா தூக்கத்துல. அம்மா, அவரோட குறட்டை இல்லாம தூக்கம் வராம."

வார்டன் கையை விட்டார். "பரவாயில்ல. நீங்க இன்னும் ரொம்ப வருஷம் ஓடுவீங்க. பரண்ல இருக்கிற எல்லாத்தையும் இறக்குங்க."

குடைக்காரருக்கு நிஜமாகவே மூச்சு வந்தது. ஏணியில் கால் வைத்தார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு" என்றார் வார்டன். "கடை உங்க பேர்லதானே?"

மூலையில் வக்கீல் இருமினார். அவரை யாரும் இருமச் சொல்லவில்லை.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகக் குடைக்காரரின் வாய் திறந்தும்விட்டது. ஆனால் கண் அந்த நாற்காலிப் பக்கம் போய்விட்டது.

"இல்லம்மா. வீட்டுக்காரி பேர்ல."

"அடக் கடவுளே, இவ்வளவு நேரமும் தப்பான ஆளையா இருமவிட்டேன்? அவங்களைக் கூப்பிடுங்க. ஒரே ஒரு தடவை இருமட்டும்."

குடைக்காரர் ஏணியிலிருந்து காலை எடுத்தார்.

"அவ இருமல் நின்னு மூணு மழைக்காலம் போயிடுச்சும்மா. கடையை என் பேருக்கு மாத்தணும்னா, அவ இல்லேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். எனக்குக் கை வரல."

வார்டன் பலகையை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தார். பிறகு வக்கீல் பக்கம் திரும்பினார்.

"அப்போ இங்க விக்கிற ஒவ்வொரு குடைக்கும், விக்கிறதுக்கு முன்னாடியே உத்தரவாதம் முடிஞ்சு போச்சா?"

"சட்டப்படி அப்படித்தான்" என்றார் வக்கீல், தன் அக்காவின் நாற்காலியைப் பார்க்காமல்.