அவசரத்துக்கு ஒரு பெயர்

மெல்பேர்ன், 2009. கல்லூரியின் இணைய வகுப்புகளை நடத்திய நிறுவனத்திலிருந்து மாணவர் விவரங்கள் திருட்டுப் போய்விட்டன. கல்லூரி அலுவலகத்தில் நந்தினி ஒவ்வொருவராக அழைத்து ஆங்கிலத்தில் எச்சரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பெயரைப் பார்த்ததும் தயங்கித்தான் எண்ணை அழுத்தினாள்.

“மிஸ்டர் குகதாசன், கல்லூரியிலிருந்து பேசுகிறேன். உங்கள் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். அவசரத் தொடர்புக்கு நீங்கள் கொடுத்தவரின் விவரங்களும் திருட்டுப் போயிருக்கின்றன. அவருக்கும் சொல்லிவிடுங்கள்.”

“அது என் தங்கை. ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. அவள் பிறந்தநாளன்று நம்பரை எடுத்துப் பார்ப்பேன். அழைத்ததில்லை.”

“அப்படியானால் வேறு பெயர் போடட்டுமா?”

“வேண்டாம். எனக்கு ஏதாவது நடந்தால் அவள்தான் வரவேண்டும்.”

நந்தினி ஆங்கிலத்தை விட்டுவிட்டாள்.

“ஒண்டும் நடக்கவேண்டாம், அண்ணா. நான் இண்டைக்கே வாறன்.”