இடப்பக்கம் சாய்ந்த டிக்

பதினாறாம் தேதி டிக் சரியில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளுக்கு முன்னால் சாருலதா குனிந்து நின்றாள். பதினான்கு வருஷமாக ஊரார் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திய கண். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று எழுத்தை வைத்தே சொல்லிவிடும்.

பதினைந்தாம் தேதி வரை எல்லா டிக்கும் வலப்பக்கம் வால் நீட்டியிருந்தன. பதினாறிலிருந்து சாயங்காலக் கட்டத்தில் மட்டும் வால் இடப்பக்கம் போயிருந்தது. இடதுகைக்காரர் யாரோ போட்ட டிக்.

மகள் விஷாகா வலதுகைக்காரி. கணவன் ஹரிஹரனும் அப்படித்தான்.

மாட்டினியா கண்ணு, என்று சாருலதா வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். எத்தனை நாளாகக் காத்திருந்தாள் இதற்கு!

மகளோடு ஒப்பந்தம் போட்டது அவள்தான். காலையில் நாய் பூந்திக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும், சோறு வைக்க வேண்டும். சாயங்காலம் நடக்கக் கூட்டிப் போக வேண்டும், அது அசிங்கம் பண்ணினால் அள்ளிப் போட வேண்டும். முப்பது நாள். யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது, யாரும் கைகொடுக்கக் கூடாது. ஒரு நாள் தவறினாலும் நாய் அச்சரப்பாக்கத்தில் மாமா வீட்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விடும். ஒன்பது வயசுக்கு நாய் வளர்க்கிற பொறுப்பு வந்துவிட்டதா என்று பார்த்துவிடலாமே.

மூன்றாம் நாளே சாயம் வெளுக்கும் என்று நினைத்திருந்தாள். பல் தேய்க்கவே பத்து தரம் கத்த வேண்டிய பெண் அது.

இன்றைக்கு இருபத்தாறாம் நாள். எழுப்பாமலே விஷாகா எழுந்தாள். தயிர்சாதத்தில் அவித்த முட்டையை மசித்துப் போட்டாள். தட்டைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். தாய்க்காரிக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். சாருலதாவுக்கு எரிந்தது. வகுப்பில் இப்படித் தப்பே இல்லாத ஒரு நோட்டு வந்தால், முதலில் அந்தப் பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு விசாரிப்பாள்.

இன்னும் நாலே நாள். அதற்குள் பிடித்தாக வேண்டும்.

ஐந்து மணிக்குப் பூந்தியைக் கூட்டிக்கொண்டு விஷாகா இறங்கினாள். இரண்டு நிமிஷம் கழித்து சாருலதாவும் செருப்பு சத்தம் கேட்காமல் படியில் இறங்கினாள். கேட்டில் வாட்ச்மேன் எல்லப்பனிடம், சும்மா கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தாள்.

“பாப்பா டெய்லி கரீட்டா வருது டீச்சர். ஆனா நாய புட்ச்சினு போறது இன்னொரு பாப்பா. இது பின்னாலயே வந்துகினு கீது.”

போதும். சாட்சியும் கிடைத்தாயிற்று.

படூரில் தண்ணீர் லாரி வராத அபார்ட்மெண்ட் ஏது? பி பிளாக் ஓரத்தில் ஒன்று நின்று தொட்டிக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்தது. சாருலதா அதன் பின்னால் ஒதுங்கினாள்.

இரண்டாம் மாடி அனு. அவளுடைய இடது கையில் கயிறு. பூந்தி சமர்த்தாக அவள் பக்கத்தில் நடந்தது. நம் வீட்டு மகாராணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மாதிரி பின்னால் வந்தாள்.

வேலையை அடுத்தவள் தலையில் கட்டிவிட்டுத் தாளில் டிக் வேறா! சாருலதாவுக்குக் கோபம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. தப்பு அவளுடையது, இனி அழுதாலும் நாய் போகத்தான் வேண்டும். கூப்பிட வாயெடுத்தாள்.

விஷாகா அனுவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“கயித்த இழுக்காத, அது முகர்ந்து முடிக்கட்டும். இன்னும் நாலு நாள் நீ ஒழுங்கா செஞ்சா உங்கம்மா இத வெச்சுக்க விடுவாங்கல்ல? மாமா வூட்ல கட்டியே போட்டுடுவாங்க அனு. செங்கல்பட்டு வூட்டு ஓனர் ஆன்ட்டி நாயே கூடாதுன்னுட்டாங்களாம். நானும் அம்மாவும் மட்டும்தான் அங்க போறோம். அப்பாகிட்ட விடலாம்னா, அவருக்குத் தண்ணி குடிக்கவே ஞாபகப்படுத்தணும்.”

கூப்பிடாமல் சாருலதா மறுபடி லாரிக்குப் பின்னால் நகர்ந்தாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்கூலில் மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போய்த்தான் செங்கல்பட்டில் அந்த வீட்டைப் பேசி முடித்திருந்தாள். ஹரிஹரனோடு இனி சேர்ந்து இருப்பதில்லை என்று முடிவு பண்ணியது அதற்கும் இரண்டு மாதம் முன்னால். பேசியதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான். கதவுக்கு அந்தப் பக்கம் நாயோடு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இரண்டு பேருமே எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பது வயசுக்கு என்ன புரியும், பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

நாயை அனுப்புகிற பழி மட்டும் தன்மேல் விழக் கூடாது. அதற்குத்தான் அந்தத் தாள்.

லாரிக்கு அந்தப் பக்கம் பூந்தி காரியத்தை முடித்தது. அனு மூக்கைப் பிடித்துக்கொண்டு பழைய பேப்பரால் அள்ளினாள். விஷாகா பார்த்துத் தலையசைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. பாவம், அவங்க பயந்துகினு இருக்காங்க.”

குழந்தைகள் இருவரும் நாயோடு லாரிப் பக்கமாகத் திரும்பினார்கள். அவர்கள் கண்ணில் பட்டுவிடாமல் இருக்க, சாருலதா சக்கரத்தின் ஓரமாகக் குனிந்து உட்கார்ந்தாள்.