கீறல் விழாத பம்பர்

நேருக்கு நேர் மோதிக்கொண்ட இரண்டு கார்கள் காவல் நிலையத்து வாசலில் நின்றன.

"என்னடா, அப்பளமா நொறுங்கிட்டே? என் உடம்புல ஒரு கீறல் காட்டு பார்ப்போம்!" என்றது பெரிய காரின் இரும்பு பம்பர்.

"நான் அடியை வாங்கிக்கிட்டேன்," என்றது சின்ன காரின் பானெட். "நீங்க வாங்காத அடி எங்கே போச்சுங்க?"

"எனக்கென்ன தெரியும்? உள்ளே அனுப்பிட்டேன்."

மோதியபோது உள்ளே இருந்த பெரிய காரின் முதலாளி, ஒரு வாரம் கழித்து, இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் வந்தார். பம்பரை ஆசையாகத் தடவினார்.

"சிங்கம்டா நீ! உனக்கு ஒண்ணுமே ஆகலையே!"

சின்ன காரை ஓட்டியவர் நடந்தே வந்தார். "தகர டப்பா!" என்று பானெட்டை ஓங்கி உதைத்தார்.

உதை பலமாகத்தான் விழுந்தது. 'அப்பாடா, கால் நல்லா இருக்கு' என்று நினைத்துக்கொண்டது பானெட்.