மூன்றாவது தடவை பச்சை

“இவளும் மனுஷி இல்லை” என்று கையை உதறினார் சங்கர்ராம். காலையிலிருந்து அவர் கழித்துக்கட்டிய ஏழாவது பெண் அவள்.

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கு. உள்ளே ரோபோ படத்தின் படப்பிடிப்பு. கதைப்படி, மனிதர்களோடு மனிதர்களாக ரோபோக்கள் ஊருக்குள் புகுந்துவிடுகின்றன. பெருவிரலை மெஷினில் வைத்தால் மனிதருக்குப் பச்சை விளக்கு, ரோபோவுக்குச் சிவப்பு. ஒரு வயதான பெண்ணுக்கு இரண்டு தடவை சிவப்பு எரிந்து, மூன்றாவது தடவை பச்சை எரிய வேண்டும். அந்த நிமிஷம் அவள் முகத்தில் தெரிவதுதான் மொத்தப் படமும் என்பது இயக்குநர் சங்கர்ராமின் கட்சி.

வந்த பெண்களோ, பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்த மாதிரி சிரித்துவிட்டுப் போனார்கள். கிடங்கு இன்று ஒரு நாளைக்குத்தான். சாயங்காலத்துக்குள் சரியான முகம் கிடைக்காவிட்டால் நாளை முதல் நீ வர வேண்டாம் என்று உதவி இயக்குநர் அனிலிடம் சொல்லிவிட்டார். அனில் உள்ளூர்த் தமிழன், வேலைக்குச் சேர்ந்து இருபதே நாள். திரையில் தன் பெயர் வரும் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தான், பாவம்.

போதாக்குறைக்கு, வாசலில் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கியோடு வந்து வந்து அலறியது. ஏதோ முகாமாம், இன்றே கடைசியாம், ஐந்து மணி வரைதானாம். ஒவ்வொரு தடவையும் டேக் கெட்டது. அனில் ஓடிப்போய், “சேட்டா, இந்தத் தெருப் பக்கம் மட்டும் வராதீங்க” என்று கெஞ்சி, ஆட்டோவைத் திருப்பி அனுப்பினான்.

அவன் திரும்பும்போதுதான் அந்த அம்மாள் எதிரே வந்தாள். அறுபதைத் தாண்டியிருக்கும், கண்ணில் புரை. விரல் வைக்கிறது இங்கேதானா என்று கேட்டாள். ஆள் பிடிக்கும் ஏஜென்ட்தான் கடைசி நேரத்தில் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்த அனிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இங்கேதாம்மா. வாங்க, வாங்க.”

நடந்துகொண்டே தன்னைப் பற்றிச் சொன்னாள். பெயர் சீனியம்மாள், பக்கத்துச் சுக்குக் கிடங்கில் இஞ்சித் தோல் சுரண்டியே கிழவியானவள். உள்ளே படம் பிடிப்பார்கள், பயப்படாதீர்கள் என்றான் அனில். இப்போதெல்லாம் எங்கே போனாலும் பிடிக்கத்தானே செய்கிறார்கள் என்றாள் அவள்.

மெஷின் வெறும் அட்டைப்பெட்டி. அதன் சுவிட்ச், மேசைக்கு அடியில் குந்தியிருந்த அனில் கையில்.

சீனியம்மாள் பெருவிரலைத் தலைமுடியில் நன்றாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசையோடு வைத்தாள். அனில் சிவப்பை அழுத்தினான். அவள் விரலைச் சேலையில் துடைத்து, ஊதி, மறுபடி வைத்தாள். மறுபடி சிவப்பு.

“நீ மனுஷி இல்லை, தள்ளு” என்று வசனம் பேசினான் காவலாளி வேடக்காரன்.

சீனியம்மாளின் முகம் செத்துப்போனது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நான் உசுரோடதான் இருக்கேன் சார். நல்லாப் பாருங்க.”

‘நான் மனுஷிதான்’ என்பதுதான் எழுதிய வசனம். நிறுத்தவா என்று அனில் எட்டிப் பார்த்தான். தொடரட்டும் என்று சைகை காட்டினார் சங்கர்ராம். இவளை இன்னும் ஒரு நொடி தவிக்கவிட அனிலுக்கு மனசு வரவில்லை. ஆனாலும் சங்கர்ராமின் விரல் அசையும்வரை காத்திருந்துதான் பச்சையை அழுத்தினான்.

சீனியம்மாள் விளக்கைப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். பிறகு அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மொத்த யூனிட்டும் கைதட்டியது. சங்கர்ராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனுஷி என்றால் இதுதான், இந்த நடிப்பைச் சொல்லிக் கொடுத்து வாங்கவே முடியாது என்று அனிலைக் கட்டிப்பிடித்தார். நாளையும் வா என்றார்.

லைட்டுகளை அணைத்துக் கிடங்கைப் பூட்டும்போது மணி ஐந்தரை. அனில் பெரிய மனிதன் தோரணையில் ஒரு சாயாவோடு சீனியம்மாளிடம் போனான். அவள் கிளாஸை வாங்கவில்லை. அவன் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“உசுரோட இருக்கேன்னு முகாம்ல எழுதிக்கிட்டீகல்ல தம்பி? நின்னுபோன பென்ஷன் இனி வந்துரும்ல?”