ரொட்டித் துளை

வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய தாட்சாயணியை, பிரெஞ்சு மலைக் கிராமங்களைக் காட்டுகிறேன் என்று இழுத்து வந்திருந்தான் அவள் கணவன் பிரகலாதன். இது நான்காவது கிராமம். பழைய தேவாலயத்தின் சுவரில் ஒரு சின்னத் துளை இருந்தது. எண்ணூறு வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணை உள்ளே வைத்துச் சுவரெழுப்பிவிட்டு, இதன் வழியாகத்தான் ரொட்டி கொடுத்தார்களாம். பலகையைப் படித்துச் சொன்னான்.

“கைய உள்ள விடு தாட்சா. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.”

கலகலவென்று உள்ளே போன கை திரும்பி வரவில்லை. கண்ணாடி வளையல்கள் கல்லில் குறுக்கே நின்றுகொண்டன.

“உடைச்சிட்டு இழு. கடையில கிடைக்காத வளையலா?”

“பிள்ளை பொறக்கிற வரைக்கும் ஒண்ணுகூட உடையக் கூடாதுங்க.”

“உன் சாஸ்திரத்தையெல்லாம் ஊரோட வெச்சுக்க.”

யாரையாவது கூட்டிவரப் போனான். போகிற போக்கில் இன்னொரு படமும் எடுத்துக்கொண்டான்.

தாட்சாயணி சுவரில் நெற்றியைச் சாய்த்தாள். வயிற்றில் குழந்தை உதைத்தது. அப்போது உள்ளிருந்து யாருடைய விரல்களோ, வளையல்காரி பிடிப்பதைப் போல, அவள் கையைக் குவித்துப் பிடித்தன. கொஞ்சமும் நோகாமல், சில்லிட்ட வளையல் ஒன்றை ஏற்றின. பிறகு, அம்மா வீட்டுக்கு அழைத்துப்போவது போல, மெல்ல இழுக்கத் தொடங்கின.